மிஷினுக்கு முன்னால் ஒரு மேசை கேளுங்கள்

திண்டுக்கல் மாவட்ட மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும்,

நான் இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் பலருடைய பிள்ளைகளுக்குத் தொடையில் ஊசி போட்டு அழவிட்டிருப்பேன். இப்போது எழுதுவது வேறு காரியமாக. அடுத்த கிராம சபையில் "எங்கள் மாவட்டத்துக்குப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும்" என்று தீர்மானம் போடலாமா என்று சில குழுக்களில் பேசிக்கொள்கிறார்கள். கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பினால், "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்து சேரும். அதோடு கோப்பு மூடப்படும். எதைக் கேட்பது, அதிலும் எதை முதலில் கேட்பது என்று பேசி முடிவெடுத்துவிட்டுப் போடுவோம்.

நம் மாவட்டத்துப் பெண்களைப் பற்றி உலகத்து டாக்டர்களுக்குத் தெரிந்த, நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு இங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமூக சுகாதார மையமும், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அதில் சேர்ந்து வேலை செய்தன. மாவட்டத்தில் 114 கிராமத் தொகுதிகளை எடுத்து, குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பரிசோதனை. மீதி 57இல் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம் மட்டும்.

பரிசோதனை என்றதும் பெரிய கருவி எதையும் நினைக்க வேண்டாம். வினிகரில் இருக்கும் அமிலத்தை நீர்க்கக் கலந்து, கர்ப்பப்பை வாயில் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற நர்ஸ் கண்ணால் பார்ப்பார். அவ்வளவுதான். லேப் தேவையில்லை, முடிவுக்கு இன்னொரு நாள் வரவும் தேவையில்லை. பரிசோதனைக்கு உரியவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். திட்டு தெரிந்தவர்களை அங்கேயே கருவி வைத்து உற்றுப் பார்த்து, வேண்டியவர்களுக்குச் சதை எடுத்து, உறைய வைக்கும் சிகிச்சையையும் பெரும்பாலும் அதே வருகையில் நர்ஸ்களே செய்தார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. முப்பதுகளில் இருந்த பெண்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

ஒரு நர்ஸ், ஒரு டார்ச் வெளிச்சம், கொஞ்சம் அமிலம். ஏழை நாடுகளிலும் உயிரைக் காப்பாற்ற இது போதும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் ஊர்களில் நம் ஊரும் ஒன்று. நம் மாநில அரசு பக்கத்துத் தேனியிலும் தஞ்சாவூரிலும் இந்த முறையை முன்னோடித் திட்டமாகச் செய்து பார்த்து, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களைக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களே, அது இப்படி வந்ததுதான்.

இதில் கசப்பான பக்கமும் உண்டு. பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட 57 தொகுதிகளில் கணக்கில் இருந்த பெண்கள் 30,958 பேர். அந்த ஆண்டுகளில் அவர்களில் 92 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இவர்களைச் சோதிக்காமல் விட்டது சரியா என்று பின்னாளில் மருத்துவ உலகில் சண்டையே நடந்தது. எனக்கு அந்தக் கோபம் நியாயமாகத்தான் படுகிறது. இரு தரப்பு வாதங்களையும் படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். நமக்கு அதிலிருந்து ஒரு உரிமை கிடைக்கிறது. உலகத்துக்குச் சான்று கொடுத்த மாவட்டம், தனக்கு ஒன்று கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை.

அந்த ஆய்வின் இன்னொரு எண்தான் இந்த மடலுக்கே காரணம். புற்றாக மாறக்கூடிய முன்நிலைப் புண் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,874 பேர். அவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம். அதாவது ஐந்நூறு பேருக்கு மேல், "உனக்கு இருக்கிறது" என்று சொல்லப்பட்ட பிறகும் சிகிச்சைக்கு வரவில்லை. தனியாக நர்ஸ்கள், தனியாகப் பணம், வீடு தேடிப் போக ஆட்கள் எல்லாம் இருந்த ஆய்விலேயே இந்தக் கதி. அதையெல்லாம் நினைத்துப் பார்க்கவும் முடியாத நம் அன்றாட ஏற்பாட்டில் எத்தனை பேர் வழியில் நின்றுபோவார்கள்?

எங்கே நிற்கிறார்கள் என்று என் வேலையில் பார்த்திருக்கிறேன். வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் நின்ற பிறகும் ரத்தம் படுகிறது. வெட்கத்தை விட்டு முகாமுக்கு வருகிறாள். திட்டு தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். லீவு போட்டு, மகனையோ நாத்தனாரையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். எந்த அறை என்று தெரியவில்லை. ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் மகப்பேறு என்கிறார்கள், அங்கே போனால் வேறு கிழமை என்கிறார்கள். இன்னொரு நாள் போனால் சதை எடுக்கிறார்கள். ரிசல்ட் எப்போது, எங்கே, யாரிடம்? ரிசல்ட் வந்து, மேல்சிகிச்சைக்கு மதுரை என்று முடிவானால் காப்பீட்டு அட்டையில் பெயர் தவறாக இருக்கிறது. இதற்குள் இரண்டு முறை லீவு எடுத்ததற்கு மில்லில் பேச்சு. அப்போது ஊரில் யாராவது, "அதைக் கிளறினால் பரவிவிடும்" என்று சொல்கிறார்கள். அவளுக்கு அதை நம்புவது வசதியாக இருக்கிறது. மறுபடி எங்களிடம் வரும்போது இடுப்பு வலி காலுக்கு இறங்கியிருக்கும்.

இந்தப் பாதை நெடுக அவளிடம் யாரும் கெட்டவர்களாக நடந்துகொள்ளவில்லை. டாக்டர் தன் வேலையைச் செய்தார், லேப் தன் வேலையைச் செய்தது, நானும் சீட்டு எழுதினேன். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

ஆகவே நம் முதல் கோரிக்கை ஒரு மேசை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், "புற்றுநோய் உதவி" என்று பலகை வைத்த ஒரு மேசை. அதில் நிரந்தரமாக ஒரு நர்ஸ், ஒரு பதிவேடு, ஒரு போன். முகாமில் சந்தேகம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். வரவில்லையென்றால் அந்த நர்ஸ் போன் செய்ய வேண்டும். போனை எடுக்கவில்லையென்றால் அந்த ஊர்ச் செவிலியரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலரிடமோ சொல்ல வேண்டும். அந்தத் தன்னார்வலர்களில் பலர் உங்கள் குழுக்களிலிருந்து போனவர்கள்தானே, வீடு தெரியாமல் இருக்காது. இதற்குக் கட்டிடம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். திறப்பு விழாவுக்கு வெட்ட ரிப்பன் இல்லை என்பதால்தான் இதை யாரும் வாக்குறுதியாகத் தருவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இரண்டாவது, சதைப் பரிசோதனை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது அவற்றில் நம்முடையதும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நோய்க்குறியியல் துறை இருந்தே ஆக வேண்டும். சதைத் துண்டைப் பார்த்து இன்ன புற்று என்று சொல்வதே அந்தத் துறையின் வேலை. ஆகவே இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. இத்தனை நாளில் முடிவு தருவோம் என்று பலகையில் எழுதுங்கள், முடிவு வந்ததும் மேசைக்கு அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறோம். அந்தக் காகிதம் இல்லாமல் மதுரையிலும் சிகிச்சை தொடங்க மாட்டார்கள், காப்பீட்டிலும் ஒப்புதல் வராது.

மூன்றாவது, கீமோ. 2025–26 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையம் வரும், அந்த ஆண்டிலேயே 200 மையங்கள் என்று அறிவித்தார்கள். பகல்நேர மையம் என்றால் காலையில் வந்து, ரத்தம் பார்த்து, மருந்து ஏற்றிக்கொண்டு, சாயந்தரம் வீடு திரும்புவது. மார்பகப் புற்றுக்கு வழக்கமாகத் தரும் கீமோ மருந்துகள் பலவும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. முதல் தவணையைப் பெரிய மையத்தில் நிபுணர் பார்த்துத் தொடங்கிவிட்டு, அடுத்த தவணைகளை அவர் எழுதிக் கொடுத்தபடி பக்கத்து ஊரில் ஏற்றலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்தப் பஸ்ஸில் வாந்தியோடு வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கூடவே ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள். யாரும் கேட்பதில்லை, ஆனால் உயிர் போகும் இடம் அது. கீமோ ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கும். அப்போது காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரப் பிரிவுக்கு வரும் கீமோ நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் வரிசையில் நிறுத்தக் கூடாது என்று எழுதப்பட்ட விதி வேண்டும். நோயாளி கையில் ஒரு அட்டையும் வேண்டும், ராத்திரி டூட்டியில் இருக்கும் பயிற்சி டாக்டரிடம் நீட்டுவதற்கு.

இப்போது மிஷின் விஷயம். கதிர்வீச்சு, நம் ஆட்கள் சொல்வதுபோல் "கரண்ட் வைப்பது". அரசு மருத்துவமனையில் வைக்க வேண்டுமென்றால் நம் மக்கள் மதுரைக்கு, பாலரெங்காபுரத்துக்குப் போகிறார்கள். திண்டுக்கல்லில் இருந்து சுமார் 65 கிலோமீட்டர். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அதைவிட எவ்வளவோ தூரம். கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றியிருந்தால், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் போல வெளியிலிருந்து கதிர்வீச்சு, வாரம் ஒரு கீமோ, பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் குணமாகும் வாய்ப்பு குறையும். நடுவில் திருவிழா, நடவு, பேரன் காதுகுத்து என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. கையில் காசு தீர்ந்து நிறுத்துகிறவர்கள் அவர்களைவிட அதிகம்.

மிஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தடித்த கான்கிரீட் அறை வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், கதிர்வீச்சு மருத்துவர், இயற்பியலாளர், தொழில்நுட்பர் என்று தனித்தனி ஆட்கள் வேண்டும். இதில் ஒரு பதவி காலியாக இருந்தாலும் வேலை நின்றுவிடும். கேட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் காலத்தில், மதுரைக்குப் போகிறவள் சிகிச்சையை முடித்துவிட்டு வருவதற்கான வழியைப் பார்க்க வேண்டாமா? பெண்களுக்கான இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். திண்டுக்கல்–மதுரை பஸ்ஸில் அவளும் துணையும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அதற்கான படிவத்தில் மருத்துவமனைக் கையெழுத்து வேண்டும், அது பலருக்குத் தெரிவதே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. நல்ல திட்டம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தினக்கூலியைத் தராது, துணைக்கு வந்தவளின் சாப்பாட்டையும் தராது. மதுரையில் சிகிச்சைக் காலம் முழுக்க நோயாளியும் துணையும் தங்க ஒரு இடம்: இதை நான் மிஷினுக்கு முன்னால் வைப்பேன்.

வாய்ப் புற்றைச் சொல்லாமல் விட்டால் நம் மாவட்டத்தைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. திண்டுக்கல்லின் பெயரைப் பூட்டோடு சேர்த்துச் சொல்வார்கள்; புகையிலையோடும் சுருட்டோடும் சேர்த்தும் சொல்ல வேண்டும். வேடசந்தூரில் மத்திய அரசு புகையிலைக்கு ஒரு ஆராய்ச்சி நிலையமே வைத்தது. மெல்லும் புகையிலை இங்கே விளைகிறது, இங்கேயே கிழவிகளின் சுருக்குப் பையிலும் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் வாயை அகலத் திறக்கச் சிரமப்படுகிறவர்கள், ஆறாத புண்ணை வெற்றிலைச் சுண்ணாம்பு பொத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உங்கள் கண்ணில் பட்டிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைப் பல் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ பார்க்க வேண்டும். இதில் உங்கள் வீட்டு ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தாங்களாக வர மாட்டார்கள்.

அடுத்தது வலி. குணப்படுத்த முடியாத நிலைக்குப் போனவர்களைப் பற்றிப் பேசவே நமக்குத் தயக்கம். "வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சொன்ன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பின் மாத்திரை இருக்கிறது. விலை அதிகமில்லை. சரியான அளவில் கொடுத்தால் அது போதைப் பழக்கமாக மாறும் என்ற பயம் பெரும்பாலும் வீண் பயம். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும். முன்பு உரிமங்களுக்காக அலைந்தே மருத்துவமனைகள் இதை வைத்துக்கொள்ளாமல் விட்டன. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அந்த நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். ஆகவே மாவட்டத் தலைமையிடத்தில் மார்பின் எந்த நாளும் தீரக் கூடாது, எழுதித் தரத் தெரிந்த டாக்டர் எந்த நாளும் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு முழு நியாயம் இருக்கிறது. முனகலைக் கேட்கப் பொறுக்காமல் பிள்ளைகள் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்த வீடுகளுக்காகத் தீர்மானத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை இலவசமாகப் போடப் போவதாக மாநில அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பேத்திகளுக்கு அது பெரிய காவல், தயங்காமல் போட வையுங்கள். உங்களுக்கு அந்த ஊசி காலம் கடந்த கதை. முப்பது தாண்டிய உங்களுக்குப் பரிசோதனைதான்.

பெண்கள் குழுவாகக் கேட்டால் நடக்குமா என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயருக்குப் பின்னால் இன்றும் பெண்கள் சங்கம் ஒன்றின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்திய மாதர் சங்கம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தச் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். அவர்கள் படித்த, வசதியான பட்டணத்துப் பெண்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் வாராவாரம் கூடி, கணக்கெழுதி, வங்கி மேலாளரிடம் கடன் பேசி வாங்கும் வழக்கம் உங்களிடம் இருக்கிறது.

இனி வேலையைப் பார்ப்போம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதற்கு முந்தைய குழுக் கூட்டத்தில் வாசகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "புற்றுநோய் மருத்துவமனை" என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், உதவி மேசையும் நர்ஸும், சதைப் பரிசோதனை முடிவுக்கு நாள் கெடு, பகல்நேரக் கீமோ எந்தெந்தக் கிழமை, காய்ச்சல் விதி, மார்பின் இருப்பு, மதுரையில் தங்குமிடம் என்று தனித்தனியாக எழுதுங்கள். அவற்றில் ஏற்கெனவே நடப்பது எது, எந்த அறையில், யார் பொறுப்பு என்று எழுத்தில் தரச் சொல்லி ஒரு வரி சேருங்கள். கதிர்வீச்சு மிஷினைக் கடைசியில் போடுங்கள். போடாமல் விட வேண்டாம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பேசி, பக்கத்து ஊராட்சிகளும் அதே வாசகத்தைப் போடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வேறு வாசகமாகப் போனால் வேறு வேறு கோப்பாகிவிடும்.

தீர்மானம் நோட்டில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். நகல் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி ஆட்சியருக்கு, ஒன்று மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு, ஒன்று சுகாதாரத் துறைச் செயலாளருக்கு, மூன்றும் பதிவுத் தபாலில். ரொம்ப நாள் பதில் வராவிட்டால், எங்கள் தீர்மானத்தின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அதைக் குழுச் செலவிலேயே எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்